கருநீலக் கார், பானெட் முழுக்கக் கீறல் கோடு: பெயிண்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

செங்கோட்டை கருநீலம்:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் கருநீலத்தில் ஒரு ஹேட்ச்பேக் எடுத்தோம். வேலை புனலூர்ப் பக்கம் என்பதால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று வாரத்தில் பாதி நாள் மலை ஏறி இறங்குகிற வண்டி. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, சர்வீஸும் தேதி தவறாமல் விடுகிறேன். பிரச்சினை எல்லாம் பெயிண்டில்தான்.

பகலில் பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கிறது. ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்டுக்கு அடியில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். அப்பா தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் வண்டியைத் துடைத்து வைப்பார், அவருக்கு அந்த வண்டி மேல் அவ்வளவு பிரியம். மாதம் ஒரு தடவை வாட்டர் சர்வீஸ். இதைத் தவிர யாரும் வண்டியைத் தொடுவதே இல்லை. அப்புறம் இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

இது போக, எம்சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் போய்ப் போய் முன் பம்பரிலும் பானெட் விளிம்பிலும் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் தெறித்திருக்கிறது. வயலுக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் உடை மரத்து முள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, இடது பக்கக் கதவு இரண்டிலும் அது இழுத்த கோடு இருக்கிறது. டூத்பேஸ்ட் தேய் என்கிறார் ஒருவர், மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்கிறார் இன்னொருவர், தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்று மாமா சொல்கிறார். செராமிக் கோட்டிங் அடித்தால் கீறலே விழாது என்று ஒரு கடையில் சொன்னார்கள். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. சாரல் சீசன் வேறு வரப்போகிறது, மழை நாளில் வண்டியைப் பார்த்துக்கொள்கிற விஷயங்களும், வண்டிக்குக் கவர் போடலாமா என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

கடையநல்லூர் வண்டிப்பிரியன்:

தம்பி, அந்த வட்டக் கோடு ரோட்டில் விழுந்தது இல்லை, உங்கள் வீட்டு வாசலில் விழுந்தது. காலையில் காய்ந்த துணியால் துடைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பம். நம் ரோட்டில் பறக்கிறது வெறும் செம்மண் தூசி இல்லை. எம்சாண்ட் என்பது கருங்கல்லை மெஷினில் உடைத்து எடுப்பது. ஆற்று மணல் மாதிரி உருண்டு தேய்ந்திருக்காது, ஒவ்வொரு துகளும் கூர் விளிம்போடு இருக்கும். ராத்திரி அது பானெட்டில் படிகிறது, காலையில் துணி அதைப் பானெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. துணி எத்தனை மெத்தென்று இருந்தாலும் பெயிண்டில் உரசுவது கல்தான்.

இன்னொன்று கவனித்துப் பாருங்கள். அந்தக் கோடுகள் உண்மையில் வட்டம் இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கிற நேர்க்கோடுகள். லைட்டைச் சுற்றி, வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிற கோடு மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டே கையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இனிமேல் ஒரே விதி: தண்ணீர் படாமல் துணி படக்கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறட்டும். கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் தண்ணீரே ஊற்ற வேண்டும். முதலில் வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழ்நோக்கி, தாராளமாக. சக்கர வளைவுக்குள் அடைந்திருக்கிற சேற்றையும் அப்போதே அடித்து எடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி ஒரு கதவைத் தேய்த்ததும் அதை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வேலை முடிந்து அந்த இரண்டாவது வாளியின் அடியைப் பார்த்தால் கரகரவென்று மணல் நிற்கும். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் திரும்பப் பானெட்டுக்குத்தான் போயிருக்கும். ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் முகம் தட்டை, மணல் உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்று உரசும். கையுறையில் நீளமான இழை இருப்பதால் துகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசியில். சேறு அதிகம் அங்கேதான். சக்கரத்துக்குத் தனித் துணி, அது மேலே வரவே கூடாது. வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். பாத்திரம் கழுவுகிற லிக்விட் அழுக்கோடு வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும், துணி துவைக்கிற பவுடரும் வேண்டாம். துடைக்க நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் டவலை அப்படியே விரித்துப் போட்டு மெல்ல இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும். டவலில் தைத்திருக்கிற கம்பெனி லேபிளை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள், அதன் ஓரமும் கோடு போடும். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை மறந்துவிட்டு வேறு துணி எடுங்கள். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது மற்றத் துணிகளோடு போடக்கூடாது, கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்குகிற திரவமும் ஆகாது, இழை அடைத்துக்கொள்ளும்.

அப்பாவைத் துடைக்காதீர்கள் என்று சொல்லி மனதை நோகடிக்க வேண்டாம். வயலுக்கு மருந்து அடிக்கிற கை பம்ப் ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். களைக்கொல்லி ஊற்றிய பழையது வேண்டவே வேண்டாம். காலையில் அதில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டு முன் கண்ணாடி, சைடு மிரர், ஹெட்லைட், நம்பர் பிளேட்டை மட்டும் அவர் துடைக்கட்டும். ஓட்டுவதற்குத் தேவையான சுத்தம் அவ்வளவுதான்.

வாட்டர் சர்வீஸில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் டயரைத் துடைத்த பனியன் வேஸ்ட்டேதான் பானெட்டுக்கும் வரும். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, நாளைக்கு அத்தனை வண்டி. “பிரஷரும் ஃபோமும் மட்டும் போடுங்க, துடைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நம் துணியால் நாமே ஈரம் எடுத்துக்கொள்வது நல்லது.

பட்டறை வாசல்:

டிங்கரிங், பெயிண்டிங் வேலையில் இருக்கிறவன் நான், தென்காசி. மேலே அண்ணாச்சி சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கீறலைச் சரி செய்கிற பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

கம்பெனி பெயிண்ட் என்பது ஒரே படலம் இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கிற ப்ரைமர், அதற்கு மேல் சமப்படுத்துகிற இன்னொரு பூச்சு, அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்த்துத் தோராயமாக 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கிளியர் கோட் மட்டும் பார்த்தால் 35, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைச் சீவி இறக்குவது. அதனால்தான் வருடா வருடம் ரப்பிங் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் தொண்டை தண்ணீர் வற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. வெயிலை மறைத்துக் கலரைக் காப்பதும் அந்தக் கிளியர் கோட்தான், அது தேய்ந்தால் கூரையும் பானெட்டும் வெளிறித் தோல் உரிய ஆரம்பிக்கும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று நீங்களே பார்க்கலாம். இடத்தைக் கழுவிவிட்டு, கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் கிளியர் கோட்டோடு நிற்கிறது, பாலிஷில் போகும். நகம் சிக்கினால் பாலிஷில் முழுதாகப் போகாது, ஓரங்கள் மழுங்கிக் கண்ணுக்குக் குறையும், அவ்வளவுதான். தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் மேலோட்டமான கீறல். ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் கலரையும் தாண்டிவிட்டது, தகடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கேரளா மழையில் போய் வருகிற வண்டிக்குத் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது, பெயிண்டுக்கு அடியிலேயே பரவிக் கொப்புளமாக எழும்பும்.

டூத்பேஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். அதில் நைசாக அரைக்கிற பொடி இருக்கிறது, அதனால் சின்ன உரசல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அது பல்லுக்குச் செய்தது, கருநீலத்தில் தேய்த்தால் மங்கலாகத் திட்டு விழும், அதை எடுக்க மறுபடி என்னிடம்தான் வர வேண்டும். தேங்காய் எண்ணெய், துரு விடுவிக்கிற ஸ்பிரே எல்லாம் கோட்டுக்குள் எண்ணெயை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் கோடு அப்படியே நிற்கும், அதற்குள் எண்ணெயில் தூசி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒரே ஒரு வேலை உண்டு. புது ரோடு போடுகிற இடத்தில் தெறித்த தாரை எடுக்கும். துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்ததும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். ரப்பர் பீடிங்கில் படக்கூடாது.

கல் தெறித்த பொட்டுக்கு டச்சப் பேனா போதும். உங்கள் வண்டியின் கலர் நம்பர் கதவுத் தூணிலோ இன்ஜின் ரூமிலோ ஒட்டியிருக்கிற பிளேட்டில் இருக்கும், அந்த நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நீலம் என்று சொல்லி வாங்கினால் நூறு நீலம் இருக்கிறது. பொட்டு வைக்கும்போது பேனாவோடு வருகிற பிரஷ் பெரிதாக இருக்கும், பல் குத்துகிற குச்சியின் நுனியில் தொட்டு வைத்தால் குழிக்குள் மட்டும் விழும். ஒரு துளி, காய விட்டு இன்னொரு துளி. ஒரேயடியாக மேடாக வைத்தால் அசிங்கமாக இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும், நாம் செய்வது துருவைத் தடுக்கத்தான்.

அந்தப் பொட்டுகளுக்காகப் பானெட் முழுக்கப் புது பெயிண்ட் அடிக்காதீர்கள். கம்பெனியில் கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்கள் மாட்டுவதற்கு முன்னால் 130, 140 டிகிரிக்கு மேல் சுட்ட பெயிண்ட் அது. பட்டறையில் அந்தச் சூட்டைக் காட்ட முடியாது, பிளாஸ்டிக் எல்லாம் உருகிவிடும். நல்ல பெயிண்டர் கலரை அச்சு மாறாமல் கொண்டுவருவார், ஆனால் ஒரிஜினல் ஒரிஜினல்தான். விற்கும்போதும் பெயிண்ட் தடிமன் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், பானெட் மட்டும் அதிக மைக்ரான் காட்டினால் ஆக்சிடென்ட் வண்டியா என்று கேட்பார்கள்.

இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு முன்னால் கணக்குப் பாருங்கள். கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 சதவீதம் வரை சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் கழிவு கிடைக்கிறது. ஒரு சின்னக் கீறலுக்காகக் கிளெய்ம் போட்டால் அந்தப் படிக்கட்டில் மறுபடி கீழே வந்து நிற்க வேண்டும்.

சுரண்டை அக்கா:

நானும் தினமும் ஓட்டுகிறவள்தான். யாரும் சொல்லாத ஒரு விஷயம், போர் தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும், அது நாள்பட்டால் பெயிண்டைக் கடித்து உட்கார்ந்துவிடும். அதனால் கடைசி அலசல் மட்டுமாவது குடிதண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள், அரை வாளி போதும். விழுந்துவிட்ட கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். வெயிலில் செய்யாதீர்கள், வினிகர் காயவும் விடாதீர்கள்.

இன்னொன்று பறவை எச்சம். வேப்ப மரம் நிழல் என்று நிறுத்தினால் காகமும் மைனாவும் சும்மா விடாது. எச்சத்தில் அமிலம் இருக்கிறது, மத்தியான வெயிலில் சூடான பெயிண்டின் மேல் அது காய்ந்தால் ஒரே நாளில் தடம் விழுந்துவிடும். காய்ந்ததைச் சுரண்டினால் அதிலிருக்கிற விதையும் மண்ணும் கீறும். நான் வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய மைக்ரோஃபைபரும் வைத்திருக்கிறேன். துணியை நனைத்து எச்சத்தின் மேல் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, தேய்க்காமல் அப்படியே மேலே தூக்கி எடுத்தால் துணியோடு வந்துவிடும்.

மாமரத்தடியும் வேண்டாம். பூக்கிற காலத்தில் தத்துப்பூச்சி விடுகிற தேன் மாதிரியான பிசின் சொட்டு, கண்ணாடி முழுக்கப் பிசுபிசுவென்று படியும், அதன் மேல் கரும்பூசணமும் வந்துவிடும்.

புனலூர் தமிழ்:

நீங்கள் இறங்கி வருகிற ஊரில்தான் இருக்கிறேன். மழை விஷயம் நான் சொல்கிறேன், ஜூன் தொடங்கினால் எங்களுக்கு அதுதானே வாழ்க்கை.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்கார்ந்திருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் பகுதியைத் திறந்து பாருங்கள். இலைச் சருகு அடைந்து கிடக்கும். கண்ணாடியில் விழுகிற தண்ணீர் எல்லாம் அங்கே இறங்கித்தான் இரண்டு ஓரத்து ஓட்டை வழியாக வெளியே போகிறது. சருகு மக்கி ஓட்டையை அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும், மிதியடிக்கு அடியில் ஈரம், அப்புறம் ஒரு பூஞ்சை நாற்றம், ஏசி போட்டால் மூக்கைப் பிடிக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் நோண்டி விடுங்கள். கதவை ஆட்டிப் பார்த்து உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மழையே இல்லாத நாளில் முன் சீட் பக்கம் ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறுகிற குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைப்பரைத் தூசிக் கண்ணாடியில் காய்ந்தபடி ஓட்டவே வேண்டாம். கண்ணாடியில் வில் மாதிரி விழுகிற கீறல் பெயிண்ட் கீறலைவிட மோசம், ராத்திரி எதிர் வண்டி லைட்டில் ஒன்றும் தெரியாது, பாலிஷ் போட்டு எடுப்பதும் லேசில் ஆகாது. முதலில் தண்ணீர் பீய்ச்சி, அப்புறம் வைப்பர். ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு வெடித்திருந்தால் சீசனுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், பங்க் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பான். டயர் பட்டன், அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. ஆனால் மழையில் மலை ஏறுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மில்லிமீட்டர் வந்ததும் யோசியுங்கள். புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறக்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது சும்மா இல்லை. ஈரம் சேர்ந்த ஆயில் சூடேறினால் கொதித்துக் குமிழி வரும், பெடல் உள்ளே போய்விடும்.

எலி பற்றி யாரும் பேசவில்லையே? மழைக் காலத்தில் இன்ஜின் ரூம் கதகதப்பாக இருக்கிறது என்று வந்து குடும்பம் நடத்தும், வயரைக் கடிக்கும். இங்கே பலர் புகையிலைக் கட்டை ஒரு துணியில் முடிந்து உள்ளே கட்டித் தொங்க விடுவார்கள், சூடாகிற பாகத்திலும் பெல்ட்டிலும் படாத இடமாகப் பார்த்து. வாசனை போனதும் மாற்ற வேண்டும். அதைவிட நல்ல வழி, வண்டிக்குள் முறுக்கு, கடலை சிந்தாமல் வைப்பதும், ஒரே இடத்தில் நாள் கணக்கில் நிறுத்தாமல் இருப்பதும்.

கவரைப் பொறுத்தவரை, வீட்டில் ஷெட் இல்லை என்றால் கவர் போட்டுத்தானே ஆக வேண்டும்?

கடையநல்லூர் வண்டிப்பிரியன்:

புனலூர் அண்ணாச்சி, உங்கள் ஊருக்குச் சரி. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வந்து இறங்குகிற செங்கோட்டையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கவர் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அடியில் தூசி இருந்தால் ராத்திரி முழுக்க உப்புத்தாள் தேய்த்த கதைதான். கழுவித் துடைத்த வண்டிக்கு, உள்ளே மெத்தென்ற துணி வைத்த கவராக, அடிவயிற்றில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட முடியும் என்றால் போடலாம். தூசி வண்டிக்குப் போடக்கூடாது. ஈரமான கவரையும் நாள் கணக்கில் விடக்கூடாது, உள்ளே ஆவி நின்று பெயிண்டில் திட்டு விழும். என்னைக் கேட்டால் சீசனில் கவரை மடித்து வைத்துவிட்டு நாலு கம்பு நட்டு ஒரு தகரக் கூரை போடுவது மேல்.

செங்கோட்டை கருநீலம்:

எல்லோருக்கும் நன்றி. நகம் வைத்துப் பார்த்தேன். பானெட் கோடுகளில் நகம் வழுக்குகிறது. கதவில் முள் இழுத்த கோடுகளில் இரண்டு மட்டும் சிக்குகிறது, மற்றதெல்லாம் வழுக்குகிறது. அப்பா ஸ்பிரேயருக்கு ஒத்துக்கொண்டார், முன் கண்ணாடி தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

செராமிக் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. 9எச் கடினம், கல் பட்டாலும் கீறாது என்று சொல்கிறார்கள். போடலாமா?

மேலகரம் மெழுகு:

டீட்டெயிலிங், அதாவது வண்டிக்குப் பாலிஷும் பாதுகாப்புப் பூச்சும் போடுகிற வேலையில் இருக்கிறேன், செராமிக் போடுவது என் தொழில். அதனாலேயே இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனை. அந்தச் சோதனைக்கான பென்சில்களில் கடினமானது 9எச், அது கீறவில்லை என்றால் 9எச். கருங்கல் தூளுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தம் இல்லை. செராமிக் ஒன்றிரண்டு மைக்ரான் படலம், லாரி டயர் தெறிக்கிற கல்லை அது தடுக்காது, உடை முள்ளையும் தடுக்காது.

அப்படியானால் எதற்கு என்றால், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சேறு ஒட்டாது, எச்சமும் உப்புக் கறையும் பெயிண்டைப் பிடிக்க நேரம் எடுக்கும், கழுவுவது சுலபம். கழுவும்போது குறைவாகத் தேய்ப்பதால் கோடும் குறைவாக விழும். அந்த அளவுக்கு அது நல்லது. வாக்ஸ் ஒன்றிரண்டு மாதம் நிற்கும், சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சு நாலைந்து மாதம், நன்றாகப் போட்ட செராமிக் இரண்டு மூன்று வருடம். ஆனால் இருக்கிற கோடுகளை பாலிஷில் எடுக்காமல் மேலே செராமிக் பூசினால் கோடுகளையும் சேர்த்துப் பூட்டி வைத்த மாதிரி ஆகும். போட்ட பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் படாமல் இருந்தால்தான் முழுதாக இறுகும். சாரல் நேரத்தில் செங்கோட்டையில் அது நடக்காது, பங்குனி சித்திரையில் போடுங்கள்.

கல்லைத் தடுக்க வேண்டும் என்றால் பிபிஎஃப், அதாவது பெயிண்ட் மேல் ஒட்டுகிற பாதுகாப்புப் படலம்தான். அது பூச்சு இல்லை, 150, 200 மைக்ரான் தடிமனில் பாலியூரித்தேன் படலம், கம்பெனி பெயிண்ட் மொத்தத்தையும்விடத் தடிமன். கல்லின் அடியை அது வாங்கிக்கொள்ளும். நல்ல ரகத்தில் மெல்லிய கோடு விழுந்தாலும் வெயில் சூட்டில் தானே கூடிவிடும். முழு வண்டிக்கும் ஒட்டினால் விலை தாங்காது, சின்ன வண்டிக்கு அது தேவையும் இல்லை. முன் பம்பர், பானெட்டின் முன்பாதி, மிரர் மூடி, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற கீழ்ப்பகுதி, கதவு விளிம்பு, கைப்பிடிக்கு உள்ளே நகம் படுகிற குழி, இத்தனைக்கு மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். டச்சப் வைத்து முடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் மட் ஃபிளாப் போட்டால் நம் டயர் வாரி அடிக்கிற கல்லும் குறையும்.

எம்சாண்ட் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள் அண்ணாச்சி. தார்ப்பாய் சரியாக மூடாத லாரியாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், அது தென்மலை தாண்டட்டும். முன் கண்ணாடியில் பொட்டு விழுந்தால் உடனே டேப் ஒட்டி, தூசியும் தண்ணீரும் போகாமல் பார்த்து, பிசின் நிரப்புகிற கடைக்குப் போய்விடுங்கள். கோடாக ஓடிவிட்டால் அப்புறம் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.

பட்டறை வாசல்:

மேலகரத்தார் சொன்னபடியே செய்யுங்கள். முள் கோட்டுக்கு வருகிறேன். நகம் வழுக்குகிற கோடுகளுக்கு முரட்டு ரப்பிங் காம்பவுண்ட் வேண்டாம், நைஸ் பாலிஷ் போதும். முதலில் கழுவி, கதவுக் கைப்பிடி ஓரத்திலும் பீடிங்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபரில் பட்டாணி அளவு எடுத்து ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் மட்டும் கையால் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் அடுத்த இடம். கதவின் மடிப்புக் கோட்டிலும் விளிம்பிலும் அழுத்தாதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லிசு, சட்டென்று கலர் தெரிந்துவிடும். பானெட்டுக்கு மெஷின் பாலிஷ்தான் சரியாக வரும், யாரிடம் கொடுத்தாலும் முதலில் மீட்டர் வைத்து எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கிற ஆளிடம் கொடுங்கள்.

நகம் சிக்குகிற அந்த இரண்டு கோட்டில் தகடு தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் இந்த வாரமே டச்சப். தெரியவில்லை என்றால் அவசரம் இல்லை, மழை முடியட்டும். அதற்கு முன்னால் வயல் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிற உடை முள்ளைப் பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள். சாரல் விழுந்துவிட்டால் மறுபடி தழைத்து ரோட்டுக்கு வந்துவிடும், மே மாதத்துக்குள் வெட்டுவது நல்லது.